ஒன்றுவிட்ட அண்ணன்

எங்கள் சலவைக்கூடத்தில் எனக்கு ஏகப்பட்ட தம்பிகள். ஒருவனையும் என் அம்மா பெறவில்லை. காலருக்குக் கஞ்சி போடுகிறவன் ஒரு தம்பி, வேன் ஓட்டுகிறவன் ஒரு தம்பி. மெஷின் ரிப்பேருக்கு வருகிற ஆள் என்னைவிட மூத்தவர், அவரும் தம்பிதான், ஏனென்றால் வந்த முதல் நாளே என்னை அக்கா என்றுவிட்டார். யாரைப் பார்த்தாலும் ஓர் உறவைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் நமக்குப் பேச்சே வரும். அது நம் வாய்ப்பழக்கம். அதையே கத்தியாகத் தீட்டி ஒருவன் இன்னொருவன் கழுத்தில் வைப்பான் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கழுத்தில் வாங்கியவனை நாங்கள் ஒட்டடைக்குச்சி என்போம். அத்தனை உயரம், அத்தனை ஒல்லி. கூப்பிட நீளமாக இருக்கிறதென்று பாதியை வெட்டிக் குச்சி ஆக்கினோம். மேல் தட்டிலிருக்கும் சோப்புத்தூள் பெட்டியை ஏணி இல்லாமல் எடுப்பான். கதவு நிலையில் இடித்துக்கொள்வான், இடித்த கையோடு நிலையிடம் மன்னிப்பும் கேட்பான். கோபமே வராத பிறவி. கோபத்தை எனக்கு மட்டுமே மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள்போல.

ஓட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். நான் தலையணை உறை மேசை. இரட்டைக் கட்டில் விரிப்புகள் குச்சியின் மேசை. அந்த விரிப்பைத் தனியாளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து ஓர் உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒருவர் நான்கையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்து கீழே தொங்கும் மடிப்பை எடுக்க வேண்டும். குச்சிக்கு எதிரே நின்று மடிக்கிறவர் எங்கள் முதலாளி. கணக்கு, ஓட்டல் மேலாளர், வரி என்று எத்தனை வேலை இருந்தாலும் காலையில் கொஞ்ச நேரம் வந்து விரிப்பைப் பிடித்துவிடுவார். இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தளர்த்துவார், ஒருவர் வரும்போது மற்றவர் வருவார். ஒன்றை மட்டும் நான் கவனித்திருக்கிறேன். குனிந்து கீழ்மடிப்பை எடுப்பது எப்போதும் குச்சிதான். அத்தனை உயரத்திலிருந்து குனிவான்.

முதலாளி அவனுக்கு அண்ணன். எங்களை எல்லாம் முதலாளி வாங்க, போங்க என்றுதான் பேசுவார், கூட்டிப் பெருக்க வருகிற பெண்ணைக்கூட. கூடத்தில் "டேய்" என்று ஒரு சத்தம் கேட்டால் அது குச்சிக்கு மட்டும். அதில் அவனுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

"உங்களுக்கெல்லாம் வாங்க போங்கதானே அக்கா? எனக்குத்தான் டேய்" என்பான்.

"ஆமா, பெரிய பட்டம். கண்ணாடி போட்டு மாட்டி வை" என்பேன்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். குச்சி தவழ்ந்துகொண்டிருந்தபோதே பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். பெரியம்மாதான் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார். அவரைக் குச்சி பெரியம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அம்மாதான். ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டையாக ஊட்டிய வீடு. அண்ணனுக்குச் சின்னதாகிப் போன கால்சட்டை தம்பிக்கு வரும். தம்பி அண்ணனைத் தாண்டி வளர்ந்த பிறகும் அதே கால்சட்டைதான் வந்தது, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இந்த உறவுக்குத் தமிழில் ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த வீட்டில் யாராவது விருந்தாளி அந்தச் சொல்லை எடுத்தால் பெரியம்மா அவர்களுக்கு இரண்டாவது முறை சோறு போட மாட்டாராம். இதைக் குச்சி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

நாங்கள் பிழைக்க வந்திருக்கும் இந்த வெளிநாட்டில் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கூடப்பிறந்த ஒருவரை, மற்றவர்களைப்போல வருடக்கணக்கில் காக்கவைக்காமல், வேலைக்கு வரவழைத்துக்கொள்ளலாம். முதலாளி விண்ணப்பத்தை வாங்கிவந்து அவரே நிரப்பினார். உறவு என்ற இடத்தில் சில கட்டங்கள் இருந்தன. கணவன், மனைவி, மகன், மகள், சகோதரன், சகோதரி. சகோதரன் கட்டத்தில் டிக் போட்டார். வேறு எதில் போடுவார்? அப்போது அதில் கள்ளத்தனம் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. தம்பி என்றால் சகோதரன்தானே என்று போட்டிருப்பார். அந்த விண்ணப்பத்தை ஊருக்கு அனுப்பி, எங்கே கையெழுத்து என்று வீடியோவில் விரல் வைத்துக் காட்டினார். அண்ணன் விரல் வைத்த இடத்தில் தம்பி கையெழுத்துப் போட்டான்.

மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அதற்குப் பிறகு நம் பெயர், அவ்வளவுதான். இவர்களுடைய தாத்தா, பாட்டி தங்கள் பிள்ளைகளுக்கு எதுகைமோனை பார்த்துப் பெயர் வைத்தவர்கள். அண்ணனின் அப்பா பெயரும் தம்பியின் அப்பா பெயரும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. ஆக இரண்டு பேருக்கும் ஒரே இனிஷியல். குடியேற்ற அலுவலகத்தில் பார்த்தவர்கள் அந்த எழுத்தைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, சரி, அண்ணன் தம்பிதான் என்று முத்திரை குத்திவிட்டார்கள். குச்சி வந்து இறங்கினான்.

வந்தவன் சும்மா இருக்கவில்லை. எதைக் கண்டாலும் மடிப்பான். பஸ் டிக்கெட்டை மடிப்பான், பழைய பேப்பரை மடிப்பான், என் வீட்டுக்கு வந்தால் என் கணவர் கழற்றிப் போட்ட பஸ் டிரைவர் சட்டையை எடுத்து மடித்துவிட்டுத்தான் உட்காருவான். ஊரில் மனைவியும் ஒரு மகளும். விடுமுறை நாளில் வீடியோவில் பேசும்போது மகள் ஃபோனை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடுவாள். இவன் இங்கே தரை, கூரை, தரை, கூரை என்று பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் மனைவி மகளின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அந்த அளவுக்கு ஷூ வாங்க நானும் கூடப் போனேன். கடையில் அரைநாள். கடைசியில் சிவப்பில் ஒன்று வாங்கினான், இங்கே வந்ததும் போட்டுக்கொள்வாள் என்று.

இங்கே வருவதுதான் எல்லாம். ஒரு தடவை அனுமதி புதுப்பிக்கப்பட்டுவிட்டால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது சட்டம். புதுப்பிக்காவிட்டால் இவனே மூட்டையைக் கட்ட வேண்டும். புதுப்பிக்காமல் போகும் என்று யார் நினைத்தார்கள்? நான்கு பேரோடு பங்குபோட்டிருந்த அறையை விட்டு, எங்கள் தெருவிலேயே இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை முன்கூட்டியே பிடித்தான். மகளுக்கென்று ஒதுக்கிய அறைக்கு அவனே பெயின்ட் அடித்தான். கூரையோரத்துக்கு ஏணி தேவைப்படவில்லை.

அப்போதுதான் விதி மாறியது. இனி எந்தத் தாளிலும் இனிஷியல் கூடாது, விரித்து முழுப்பெயராக எழுத வேண்டும் என்றார்கள். புதுப்பிக்கிற விண்ணப்பத்தில் குச்சி தன் அப்பா பெயரை முழுதாக எழுதினான். பக்கத்தில் உத்தரவாதம் தருகிறவர் என்ற இடத்தில் முதலாளி தன் அப்பா பெயரை முழுதாக எழுதினார். இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. கம்ப்யூட்டருக்கு உறைத்தது. இரண்டு அப்பா, அப்புறம் இரண்டு அம்மா. சகோதரன் என்று எப்படிச் சொன்னீர்கள், இருவரும் நேரில் வந்து விளக்குங்கள் என்று கடிதம் வந்தது.

குச்சி அந்தக் கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. முதலாளி வாங்கிப் படித்தார். பிறகு அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"டேய், எதுக்குடா இப்படி முழிக்கிற? எழுதினது நான். தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நானே சொல்லிடறேன். நான் இருக்கேன்ல? நீ போய் விரிப்பை மடி."

இது எங்கள் எல்லோர் காதுபடவும் சொன்னது. நான் உறையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு முதலாளி வக்கீலிடம் போய்வர ஆரம்பித்தார். தனியாகத்தான் போனார். நானும் வரட்டுமா என்று குச்சி கேட்டதற்கு, வேலை கெட்டுப்போகும் என்றார். அவருடைய குடியுரிமை விண்ணப்பமும் அப்போது கடைசிப் படியில் இருந்தது, உறுதிமொழி எடுக்கத் தேதி வரவேண்டியதுதான் பாக்கி. அது எங்களுக்கெல்லாம் தெரியும். அதற்காகச் சாக்லேட்கூட முன்கூட்டியே கொடுத்திருந்தார். விண்ணப்பத்தில் பொய் எழுதினார் என்று வந்தால் அந்தப் படி வழுக்கும். அது எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

காலையில் விரிப்பு மடிக்க வருவது நின்றது. என்னைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்சம் அந்த மேசையையும் பார்த்துக்குங்க" என்றார். நான் குச்சிக்கு எதிரே போய் நின்றேன். என் உயரத்துக்கும் அவன் உயரத்துக்கும் விரிப்பு சரிந்து சரிந்து போனது. "டேய்" என்ற சத்தமும் குறைந்துவிட்டது.

"என்னடா, உன் பட்டத்தைக் காணோம்?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணனுக்கு அலைச்சல் அக்கா. எல்லாம் எனக்காகத்தானே அலையறாரு" என்றான்.

நேர்காணலுக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. என்னைக் கூப்பிட்டான். "உங்க முகத்தைப் பார்த்தா எனக்குத் தைரியமா இருக்கும். ஆனா திட்டக் கூடாது" என்றான். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

சின்ன அறை. ஒரு மேசை, மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, நடுவில் ஒரு தொலைபேசி. அதிகாரி இளம்பெண், சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தாள். வாக்குமூலத்தைத் தாய்மொழியில்தான் கொடுக்க வேண்டுமாம். அதற்காகத் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்தம்மா தன் வீட்டிலிருந்தே பேசினார்போல, பின்னால் குக்கர் விசில் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நம் ஆள் ஒருத்தி இருக்கிறாள், அண்ணன் தம்பி என்றால் என்னவென்று தெரிந்தவள் என்று.

முதலாளி எங்களுக்கு முன்பே வந்து வக்கீலோடு உட்கார்ந்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். குச்சி உள்ளே நுழையும்போது நிலையில் இடித்துக்கொண்டான். வழக்கமாக முதலாளி "பார்த்து வாடா" என்பார். சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர் முதலாளியிடம் முதலில் கேட்டார்.

"உங்க பக்கத்துல இருக்கிறவர் உங்களுக்கு என்ன உறவு?"

"இவர் என்கிட்ட வேலை பார்க்கிறார்" என்றார் முதலாளி.

இவர். பார்க்கிறார். நான் தப்பாகக் கேட்டேனோ என்று குச்சியைப் பார்த்தேன். அவனும் அப்படித்தான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாரையோ பற்றிப் பேச்சு நடக்கிறது என்பதுபோல.

"அவர் உங்க தம்பியா?"

"இல்லைங்க. ஏதோ தூரத்துச் சொந்தம். சரியா எனக்கே தெரியாது."

"அப்போ விண்ணப்பத்துல சகோதரன்னு போட்டிருக்கே?"

"அவர் கொடுத்த விவரத்தை வச்சுப் போட்டது. எங்க பக்கம் யாரைப் பார்த்தாலும் தம்பின்னுதான் கூப்பிடுவோம். உங்களுக்கே தெரியுமே. நானும் அவரைத் தம்பின்னு ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன். அவர் அதைப் பயன்படுத்திக்கிட்டார்."

இதுவரை முதலாளியை அவர், இவர் என்று எழுதிவிட்டேன். இனிமேல் என் கையால் முடியாது.

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பேச்சை அப்படியே அதிகாரிக்குச் சொன்னார். ஒரு பேச்சுக்கு என்பதற்கு என்ன சொல்லுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மரியாதைக்காக என்று சொன்னார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டாள். முதலாளி மேசைமேலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் என்னவோ படம் ஓடுகிற மாதிரி.

அடுத்தது குச்சியிடம். "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணன்."

"கூடப்பிறந்த அண்ணனா?"

"கூட வளர்ந்த அண்ணன்."

"ஒரே அம்மாவா உங்களுக்கு?"

"சோறு ஊட்டினது ஒரே அம்மா" என்றான்.

தொலைபேசியில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அந்தம்மா மெதுவாக மொழிபெயர்த்தார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்தம்மா, "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லணுமாம்ப்பா. பெத்த அம்மா ஒருத்தங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு 'ப்பா'வைச் சட்டத்துக்கு வெளியே இருந்து கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

"இல்லை" என்றான்.

"விண்ணப்பத்துல இருக்கிற கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமா. அண்ணன் காட்டின இடத்துல போட்டேன்."

"இவருக்கு நான் எதையும் காட்டலைங்க" என்றான் முதலாளி, கேட்காமலேயே.

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஏன்யா, நாக்கு கூசலையா உனக்கு? அத்தனை பேர் நடுவுல நின்னு நான்தான் எழுதினேன்னு சொன்னியே" என்று எழுந்துவிட்டேன். துணைக்கு வந்தவர் பேசினால் வெளியே போக வேண்டும் என்றாள் அதிகாரி. குச்சி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீல் முன்னே போக, முதலாளி பின்னாலேயே விறுவிறுவென்று போய்விட்டான். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, படியில் இறங்கினான். குச்சி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"என்னை 'அவர்'னு சொன்னாரே அக்கா, கேட்டீங்களா?"

பொய் சொன்னதுகூட அவனுக்குப் பிறகுதான். முதலில் குத்தியது அந்த மரியாதை.

முடிவு வர அதிக நாள் ஆகவில்லை. புதுப்பிக்க முடியாது. பொய்த்தகவல் கொடுத்ததால் நாட்டை விட்டுப் போக வேண்டும், வருடக்கணக்கில் திரும்ப வர விண்ணப்பிக்கவும் கூடாது. அவனை நம்பித் தொங்கிக்கொண்டிருந்த மனைவி, மகள் விண்ணப்பம் தானாகவே விழுந்துவிட்டது. இலவச ஆலோசனை சொல்கிற வக்கீல் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் படித்துவிட்டு, ஒரே வழிதான் இருக்கிறது என்றார். விண்ணப்பத்தை நிரப்பியது நான், உறவை எழுதியதில் வந்த பிழை என்னுடையது என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மற்றபடி வழியில்லை.

குச்சி போய்க் கேட்க மாட்டேன் என்றுவிட்டான். நான் போனேன். முதலாளியின் கண்ணாடி அறைக்குள், இஸ்திரிச் சூட்டில் வியர்த்த முகத்தோடு.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு அக்கா" என்றான். "இப்போ போய் நான் மாத்திச் சொன்னா என் கதி என்ன ஆகும்? உறுதிமொழிக்குத் தேதி வந்துடுச்சு."

"அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்கு. அது தெரியுமா?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? சட்டப்படி பார்த்தா அவன் என் தம்பி இல்லைதானே?"

"இதை உங்க அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க."

அவன் ஃபோன் அடிக்காமலேயே ஃபோனை எடுத்தான். நான் வெளியே வந்து என் கோபத்தையெல்லாம் தலையணை உறைகள்மீது காட்டினேன். அன்றைக்கு மூன்று உறை தீய்ந்தது. நம் முதலாளிக்குத் துவைக்கத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், கைகழுவுவதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

அம்மாவிடம் சொல்லிப் பாருங்க என்று நான் சவால்விட்டபோது எனக்குத் தெரியாது, அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான். அது மூட்டை கட்டுகிற அன்று தெரிந்தது. நான் குச்சி வீட்டில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். பெரியம்மா கூப்பிட்டார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏன்டா, இப்படிப் பண்ணலாமா?" என்று எடுத்ததுமே ஆரம்பித்தார். "உன்னைக் கூட்டிட்டுப் போய் ஆளாக்கினான் உங்க அண்ணன். நீ என்னவோ தப்புத்தப்பா எழுதிக் கொடுத்து, அவன் பேர் கெட்டு, போலீஸ் வரைக்கும் போகப் பார்த்துச்சாமே. நல்லவேளை, அவன் கெஞ்சிக் கூத்தாடி உன்னை ஊருக்கு அனுப்புறதோட நிறுத்தினானாம். அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டியா?"

நான் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஃபோனை நோக்கிப் பாய்ந்தேன். குச்சி எனக்கு முன்னால் எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டான். "சரிம்மா" என்றான். "வந்து பேசறேன்மா" என்றான். வைத்துவிட்டான்.

"ஏன்டா சொல்லலை? உள்ளதை உள்ளபடி சொல்ல உனக்கு என்ன கேடு?" என்று கத்தினேன்.

"சொன்னா நம்ப மாட்டாங்க அக்கா."

"ஏன் நம்ப மாட்டாங்க? உன்னைத் தூக்கி வளர்த்தவங்க."

"அவர்தான் அவங்க பெத்த பிள்ளை" என்றான்.

அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத கணக்கு அது. எந்த அதிகாரியும் கேட்காமல், எந்தக் கட்டமும் இல்லாமல், அவனே முதல் தடவையாகப் போட்டுவிட்டான். அண்ணன் இந்த நாட்டை மட்டும் அவனிடமிருந்து பிடுங்கவில்லை. திரும்பிப் போகிற வீட்டையும் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பினான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவன் அழவில்லை. சிவப்பு ஷூவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தான். மனைவி சமீபத்தில் அனுப்பியிருந்த புதுப் பாதக்கோட்டின் படம் ஃபோனில் இருந்தது, அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். கூட்டிப் பெருக்குகிற பெண்ணின் மகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் நீட்டினான்.

மறுநாள் காலை, பெட்டிகளை இறக்கித் தெருமுனைக்குக் கொண்டுவந்து வைத்தோம். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். என் கணவரின் தடம் அது இல்லை, இருந்தாலும் அந்த டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். அப்போது ஒரு கார் வந்து எங்கள் முன்னால் நின்றது.

அவன்தான். முந்தின வாரம்தான் உறுதிமொழி எடுத்து முடித்திருந்தான். கூடத்தில் எல்லோருக்கும் மறுபடி சாக்லேட் வந்தது, நான் தொடவில்லை. காரிலிருந்து இறங்கி, எங்கள் யாரையும் பார்க்காமல், நேராகப் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தான்.

"டேய், பஸ்ஸுல எதுக்குடா? ஏறு. நான் கொண்டுபோய் விடறேன்."

டேய்! அந்த ஒரு நாளுக்குத் திரும்ப எடுத்து, தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தான். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குச்சி பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்திருந்தான். கொஞ்ச நேரம் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி எதிரெதிரே நின்றார்கள். காலை வேளைகளில் விரிப்போடு நின்றது இப்படித்தான்.

"பரவாயில்லைங்க. பஸ் இருக்கு. நீங்க கிளம்புங்க சார்" என்றான் குச்சி.

"சாரா? என்னடா புதுசா? மனசுல எதையும் வச்சுக்காதேடா. என் நிலைமை அப்படி. நான் உன் அண்ணன்டா."

குச்சி குனியவில்லை. முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்று, அவனை மேலிருந்து கீழே பார்த்தான்.

"அண்ணன்னு ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டதுதான் சார்" என்றான். "நீங்க அதை நிஜம்னு நினைச்சுக்கிட்டீங்களா?"

முதலாளியின் கை பெட்டியிலிருந்து கழன்றது. பஸ் வந்து நின்றது. குச்சி இரண்டு பெட்டியையும் தானே தூக்கி ஏற்றினான், தலையைத் தாழ்த்தி, இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனான்.